74 வயது அப்பாவைக் கெப்போங் காட்டுக்கு அழைத்துப் போகலாமா?

தோட்டத்து மகள், பத்தாங் காலி:
வணக்கம். அப்பா முப்பத்தொரு வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி பால் எடுத்தவர். தோட்டம் முதலில் செம்பனைக்கு மாறியது, பிறகு வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. அவருடைய நிரைகள் நின்ற இடத்தில் இன்று பெட்ரோல் நிலையம். "மரத்தோடேயே காலம் போயிற்று, காட்டுக்குள் ஒருநாளும் நடந்ததில்லை" என்று போன வாரம் சொன்னார். அதிலிருந்து எனக்கு மனம் சரியில்லை. கோலாலம்பூருக்குப் பக்கத்தில் உள்ள கெப்போங் வன ஆய்வுக் கழகத்தில் பழைய காடு இருக்கிறதாமே? அப்பாவுக்கு வலது முழங்கால் தேய்மானம், மேடு ஏற முடியாது. அட்டைத் தொல்லை உண்டா?

குவாங்வாசி:
தங்கை, தயங்காமல் அழைத்துப் போங்கள். உங்கள் ஊரிலிருந்தே கேடிஎம் ரயிலில் கெப்போங் சென்ட்ரல் வரலாம், அங்கிருந்து வாடகைக் கார். உள்ளே தார்ச் சாலை இருக்கிறது. அதைவிட்டு இறங்காவிட்டால் அட்டைக்குப் பயமில்லை.

ஆனால் அது ஆதிக்காடு அன்று. நூறு வருடத்துக்கு முன் ஈயம் தோண்டிப் பாழான நிலமும் காய்கறிக் கொல்லைகளுமாகக் கிடந்தது. 1929இல் வன ஆய்வு நிலையம் அமைந்த காலத்தில் கன்று கன்றாக நட்டு வளர்த்தார்கள். 2025இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. கபூர் மரங்களின் அடியில் நின்று மேலே பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மரத்தின் தழை அடுத்ததைத் தொடாது. இடையில் வெயிலில் வெடித்த வயலைப்போல் வானம் கோடு கோடாகத் தெரியும். பக்கத்து மரத்தின் நிழல் நெருங்கினால் கிளை நுனி வளர்வதை நிறுத்திவிடுகிறது என்பது அங்கே ஆய்வு செய்தவர்களின் கருத்து.

கோலாலம்பூர்க்காரன்:
பழைய காடுதான் வேண்டுமென்றால் கோலாலம்பூர் நகருக்குள்ளேயே இருக்கும் புக்கிட் நானாஸ். 1906இலேயே வனக் காப்பகமானது. பத்து ஹெக்டருக்கும் குறைவு, ஆனால் மேடு. உங்கள் அப்பாவின் முழங்காலுக்குக் கெப்போங்தான் நல்லது.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
மகளே, கபூர் நமக்குப் புதிய மரமன்று. கோயிலில் மணக்கும் பச்சைக் கற்பூரம் முற்காலத்தில் இந்த மரத்திலிருந்துதான் வந்தது. அதற்குப் பேர்பெற்ற சுமத்திராவின் பாரூஸ் பகுதியில், 1088ஆம் ஆண்டு ஐந்நூற்றுவர் வணிகக் குழு பொறித்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. கீழே விழுந்த இலையைக் கசக்கி அப்பாவிடம் முகரக் கொடுங்கள்.

தோட்டத்து மகள்:
சனிக்கிழமை போய் வந்தோம். எல்லாருக்கும் நன்றி. அப்பா மேலே பார்ப்பதற்கு முன் மரத்தைத்தான் தொட்டார். உளி வைக்கும் அதே சரிவில், இடமிருந்து வலமாகப் பட்டையில் விரலால் ஒரு கோடு இழுத்துவிட்டு, "இதில் ஒரு வெட்டுக்கூட இல்லை" என்றார். பிறகு அண்ணாந்து பார்த்தவர் நெடுநேரம் பேசவில்லை. நான் அவர் முதுகைத் தாங்கிக்கொண்டு நின்றேன். இலையை முகர்ந்ததும், "மாரியம்மன் கோயில் தீர்த்தம்" என்றார்.

ஆசிரியர் ஐயா, ஓர் உதவி வேண்டும். அந்தக் காலத்தில் அங்கே மண்ணைக் கொத்திக் கன்று நட்ட கூலியாட்கள் யார், எந்த ஊர்க்காரர்கள் என்று எங்காவது எழுதியிருக்கிறதா? அப்பா ரயிலில் ஒருமுறை கேட்டார், வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது மறுபடியும் கேட்டார்.