பழைய டா வின்சி வாட்ச்: வருஷம் மட்டும் 2028 காட்டுகிறது. வாங்கலாமா?

தஞ்சோங் பகார் வாசி:
வணக்கம். சிங்கப்பூரில் ஒருவர் ஐ.டபிள்யூ.சி கம்பெனியின் டா வின்சி பெர்பெச்சுவல் காலண்டர் வாட்ச் (மாத நாட்களையும் லீப் வருஷத்தையும் தானே கணக்கிட்டுத் தேதி காட்டுவது), மாடல் எண் 3750, தங்கக் கேஸ், விற்கிறார். பெட்டி இருக்கிறது, பேப்பர் இல்லை. ஜூன் 14, ஞாயிறு அன்று நேரில் போய்ப் பார்த்தேன். தேதி 14, கிழமை ஞாயிறு, மாதம் ஜூன், எல்லாம் சரி. நிலா ஜன்னலும் ஏறக்குறைய வெறும் நீலம். அமாவாசை நேரம், அதுவும் சரி. ஆனால் டயலின் இடது கீழ்ப்பக்கம் வருஷம் மட்டும் 2026-க்குப் பதில் 2028. "யாரோ கிரவுனை (பக்கவாட்டுத் திருகியை) அதிகமாகத் திருகியிருப்பார்கள், சின்ன விஷயம்" என்கிறார். அதற்காகக் கொஞ்சம் விலை குறைக்கவும் தயார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய டயல்:
அந்தக் காசோடு இன்னும் நிறையச் சேர்த்து பட்டேக் பிலிப் கம்பெனியின் 3940 பாருங்கள். டா வின்சி போலவே அதுவும் 1985-ல் வந்த பெர்பெச்சுவல் காலண்டர்தான். 36 மி.மீ., மெல்லிசு, சட்டைக் கைக்குள் அடங்கும். கேஸ் ஓரத்தில் குட்டிப் பட்டன்கள் இருக்கும். தேதி, கிழமை, மாதம், நிலா என்று தனித்தனியே குத்தித் திருத்திக்கொள்ளலாம். வருஷ எண்ணே கிடையாது, லீப் வருஷச் சுற்று மட்டும்தான்.

ஐகிளாஸ்:
"நிறையச் சேர்த்து" என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள், பழைய டயல் சார்!

கேள்விக்கு வருகிறேன். பழுது பார்ப்பதுதான் என் தொழில், அதனால் கொஞ்சம் நீளும். விற்பவர் சொல்லும் காரணம் இந்த வாட்ச்சில் நடக்கவே முடியாது. 3750-இல் காலண்டரைத் திருத்தக் குத்தும் பட்டன் எதுவும் கிடையாது. ஐ.டபிள்யூ.சி-யின் குர்ட் க்ளவுஸ் அந்தக் காலண்டரை வடிவமைத்ததே அதற்காகத்தான்: அடியில் வால்ஜூ 7750 என்ற க்ரோனோகிராஃப் (ஸ்டாப்வாட்ச்) இயந்திரம், மேலே காலண்டர் தட்டு, எல்லாவற்றையும் கிரவுன் ஒன்றே நகர்த்தும். தேதி ஒரு நாள் நகர்ந்தால் கிழமையும் நிலாவும் கூடவே நகரும். மாதம் தேதியின் பின்னால், வருஷம் மாதத்தின் பின்னால். ஒன்றை விட்டு ஒன்று தனியே ஓடாது.

யாராவது கிரவுனைத் திருகி 2028 ஜூன் 14 வரை கொண்டுபோயிருந்தால் கிழமை புதன் காட்ட வேண்டும். செல்போன் காலண்டரைத் திறந்து பாருங்கள். நிலாவும் தேய்பிறை அரை நிலாவாக இருக்கும். உங்கள் வாட்ச் ஞாயிறும் அமாவாசையும் காட்டுகிறது, அதாவது 2026. ஆக, யாரோ ஒரு மெக்கானிக் காலண்டரைக் கழற்றி, திரும்பப் பூட்டும்போது சக்கரத்தின் பல்லை மாற்றிக் கோத்திருக்கிறார்.

வருஷ எண் வெறும் அலங்காரம் என்றால் கண்டுகொள்ளாமல் விடலாம். சிக்கல் பிப்ரவரியில். உள்ளே நான்கு வருஷத்துக்கு, 48 மாதத்துக்கு, ஒரு கேம் (ஓரம் வெட்டப்பட்ட தட்டு) இருக்கிறது. அதன் ஓரத்தில் மாதத்துக்கு ஏற்றபடி ஆழம் மாறும் வெட்டுகள். லீவர் நுனி அந்த வெட்டில் எவ்வளவு இறங்குகிறதோ, அதைப் பொறுத்து மாதக் கடைசியில் தேதி எத்தனை நாள் தாண்டும் என்பது முடிவாகும். இப்போது அந்தக் கேம் 2026-இல் நிற்கிறதா, 2028-இல் நிற்கிறதா? எண் மட்டும் தவறு என்றால் பிப்ரவரி ஒழுங்காக ஓடும். கேமும் சேர்ந்து தவறு என்றால் நிஜமான 2028-இல் 29-ஆம் தேதியே வராது.

தஞ்சோங் பகார் வாசி:
அப்படியானால் கடையிலேயே திருகிப் பார்த்துச் சோதிக்கலாமா?

ஐகிளாஸ்:
முடியும், ஆனால் விரல் வலிக்கும். கிரவுன் முன்னால் மட்டும்தான் தள்ளும், ஒரு தடவைக்கு ஒரு நாள், பின்னால் வராது. அடுத்து வரும் பிப்ரவரி இரண்டு கணக்கிலும் 28-இல்தான் முடியும், அது எதையும் சொல்லாது. டயலில் 2030 பிப்ரவரி (நிஜக் கணக்கில் 2028) வரை போக வேண்டும். அங்கே 29 வந்தால் எண் மட்டும் பிசகு. வராவிட்டால் கேமும் பிசகு. அறுநூறு தடவைக்கு மேல் திருகணும். அதையும் பகலில் செய்யுங்கள். இரவில் காலண்டர் மாறத் தயாராகும் நேரத்தில் கிரவுனால் தேதியைத் தள்ளினால் பல் உடையலாம்.

சோதனை முடிந்ததும் தேதி எங்கோ போய் நிற்கும். கொஞ்ச நாள் முந்திப் போனால் வாட்ச்சை நிறுத்திவைத்துக் காத்திருக்கலாம். வருஷக் கணக்கில் என்றால் திறந்துதான் ஆகணும். எப்படியும் இதைத் திறக்கத்தான் போகிறோம் என்பது வேறு விஷயம்.

நானாக இருந்தால் சோதிக்க மாட்டேன். மோசமானதையே கணக்கில் வைத்து, ஷாஃப்ஹவுசனில் உள்ள ஐ.டபிள்யூ.சி-க்கே அனுப்பி ஃபுல் சர்வீஸ் செய்ய என்ன ஆகும் என்று எழுத்தில் எஸ்டிமேட் வாங்குவேன். பழைய மாடல்களையும் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அந்த முழுத் தொகையையும் விலையில் கழிக்கச் சொல்லுங்கள். "கொஞ்சம்" போதாது. பல்லையே மாற்றிக் கோத்தவர் எண்ணெய் மட்டும் ஒழுங்காக விட்டிருப்பார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. க்ரோனோகிராஃப் பட்டன்களையும் அழுத்திப் பாருங்கள், முள் சரியாகப் பூஜ்யத்துக்கு வருகிறதா என்று.

பழைய டயல்:
அப்படியே வாங்கி பீரோவில் பூட்டிவைத்தால் 2028-இல் வருஷம் தானாகச் சரியாகிவிடுமே!

ஐகிளாஸ்:
வருஷம் சரியாகும், கிழமையும் நிலாவும் கெடும். அதுதான் சொன்னேன், எல்லாம் ஒரே சங்கிலி.

இன்னொன்று. பெட்டிக்குள் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய் இருக்கிறதா பாருங்கள். வருஷத்தின் முதல் இரண்டு இலக்கம் ஒரு பட்டையில் இருக்கிறது. 19, 20, 21 என்று மூன்றுதான். 2200-இல் மாட்டுவதற்கான பட்டையைக் குழாயில் போட்டு அப்போதே கொடுத்தார்கள். நமக்கு உபயோகம் இல்லை. 2100 மார்ச் 1 அன்று ஒரு நாள் திருத்தவும் நாம் இருக்கப்போவதில்லை. ஆனால் சேகரிப்பவர்கள் அந்தக் குழாய் இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் ஒரு விலை என்பார்கள்.

தஞ்சோங் பகார் வாசி:
போன் செய்தேன் அண்ணா. புதன், அரை நிலா கதையைச் சொன்னதும் சத்தமே இல்லை. எஸ்டிமேட் வரட்டும், பேசலாம் என்றார். குழாயைப் பற்றிக் கேட்டதற்கு, "எந்தக் குழாய்?" என்கிறார்.

ஐகிளாஸ்:
சரி, அதையும் கழிக்கச் சொல்லுங்கள்.