புதுப்பிப்பு: பாயிண்ட் ஷூ வலிக்கு ஒளி சிகிச்சை

பாயிண்ட் ஷூ (விரல் நுனியில் நிற்கப் போடும் பாலே நடனக் காலணி) போட்டுப் பயிற்சி செய்த பிறகு உள்கணுக்காலுக்குப் பின்னால் வரும் வலிக்கு ஒளி சிகிச்சை உதவுமா என்று முன்பு கேட்டிருந்தேன். என்ன ஆயிற்று என்று சிலர் விசாரித்ததால் இந்தப் பதிவு.

பெருவிரலை மடக்கும் தசைநாணில்தான் பிரச்சினை என்றார் பிசியோதெரபிஸ்ட். விரல் நுனியில் நிற்பவர்களுக்கு அடிக்கடி வருவதாம். 630–660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளியைவிட, 810–850 நானோமீட்டர் வரையுள்ள அகச்சிவப்பு ஒளி சற்று ஆழமாகப் போகும் என்பதால் அதையே வைத்தார். செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு நொதி ஒளியை உறிஞ்சி ஆற்றல் உற்பத்தியைக் கூட்டுகிறது என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் விளக்கம். சூடே தெரியவில்லை, கருவி ஓடுகிறதா என்றே சந்தேகம் வந்தது!

சரி, பலன்? காலை நேர விறைப்பு நன்றாகக் குறைந்திருக்கிறது. ஆனால் தாவல்களைக் குறைத்ததும் கெண்டைக்கால் பயிற்சியும் கூடவே நடந்தன. முழுப் பெருமையையும் ஒளிக்குக் கொடுக்க மாட்டேன்.

அப்புறம், பாத எலும்பு வலிக்கும் இதைச் செய்யலாமா என்று கேட்டவருக்கு: ஒரே இடத்தில் அழுத்தினால் சுரீரென்று வலிக்கிறதா? நுண்முறிவாக (எலும்பில் மெல்லிய விரிசல்) இருக்கலாம், முதலில் மருத்துவரிடம் போங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதும் உண்டு, எம்ஆர்ஐ தேவைப்படலாம்.