கையெழுத்து வைக்காவிட்டால் வென்டிலேட்டரை நிறுத்த முடியாதா?

லண்டன் மருத்துவமனைகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவள் நான். சிறுவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு யாழ்ப்பாணத் தம்பதியருக்காக அமர்ந்த கூட்டத்தை மறக்க முடியவில்லை. அவர்களுடைய எட்டு மாதக் குழந்தையின் மூளை மீள முடியாதபடி சேதமடைந்திருந்தது. குழந்தையின் சிறந்த நலனைக் கருதியே முடிவெடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதை அப்படியே தமிழில் சொன்னேன். தாயின் முகம் மலர்ந்தது. "அப்ப சுகப்படுத்தப் போகினமோ?" என்றார். சட்டச் சொல்லாகிய 'நலன்' அவர் காதில் நம்பிக்கையாக விழுந்திருந்தது. அந்தப் பிழையில் எனக்கும் பங்குண்டு.

தகப்பன் வேறொன்று கேட்டார்: "நாங்கள் கையெழுத்து வைக்காட்டி மெஷினை நிப்பாட்ட ஏலாதுதானே, தங்கச்சி?"

பதில் சொல்வது என் வேலையல்ல என்பதால் கேள்வியை மருத்துவரிடம் சேர்த்தேன். 1989ஆம் ஆண்டின் சிறுவர் சட்டப்படி பெற்றோருக்குப் பொறுப்பும் சம்மத உரிமையும் உண்டென்றாலும், இணக்கம் ஏற்படாதபோது மருத்துவமனை உயர் நீதிமன்றத்தை நாடும் என்றும், அங்கே குழந்தையின் நலனே முதன்மையாகக் கொள்ளப்படும் என்றும் அவர் விளக்கினார். வென்டிலேட்டரில் இருந்த பிரிட்டிஷ் குழந்தை சார்லி கார்டின் பெற்றோர் அமெரிக்கச் சிகிச்சைக்காக 13 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டி, ஸ்திராஸ்பூர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை வழக்காடியும் 2017இல் தோற்றதை நான் அறிந்திருந்தேன், இந்தத் தம்பதியர் அறிந்திருக்கவில்லை. பேச இயலாத குழந்தைக்காக ஒரு நீதிபதி யோசிப்பதை நான் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால், தங்கள் கையெழுத்து இறுதியானதல்ல என்பதைப் பெற்றோர் பதினோராம் நாளில்தான் அறிந்தார்கள் என்பதை எப்படி ஏற்பது? வேறொரு மருத்துவமனையின் கருத்தைக் கேட்டபின் அவர்களே சம்மதித்தார்கள்; வழக்குத் தேவைப்படவில்லை.

மதுரையிலிருந்து ஒரு மறுமொழி

அக்கா, எங்களுக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. குறைமாதத்தில் பிறந்த என் தங்கை மகன் தனியார் மருத்துவமனையில் வென்டிலேட்டரில் இருந்தான். பன்னிரண்டாம் நாள் பணம் தீர்ந்தது. செயற்கைச் சுவாசத்தை விலக்க இரண்டு மருத்துவக் குழுக்கள் ஆராய வேண்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் வகுத்து, 2023இல் எளிமையாக்கிய நெறிமுறையைப் பிறகுதான் படித்தேன். அன்று எங்களிடம் நீட்டப்பட்டது, மருத்துவ ஆலோசனைக்கு மாறாக அழைத்துச் செல்கிறோம் என்ற ஒற்றைத் தாள். மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டார். அரசு மருத்துவமனையில் இடம் இருக்கிறதா என்று ஒருவரும் விசாரித்துச் சொல்லவில்லை. ஆம்புலன்ஸில் ஒரு செவிலியர், மூச்சுக் காற்றைச் செலுத்தும் 'ஆம்பு' (Ambu) பையைக் கையால் அழுத்திக்கொண்டே வந்தார். அந்தத் தாளின் நகல்கூட எங்களுக்குத் தரப்படவில்லை.