அருவிக் குளியல் பழகியவர்களுக்கு ஒன்சென்: ஜப்பானில் ஒரு நாள் போய்வர

செங்கோட்டை, புளியரை, தென்காசி, மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, புனலூர் என்று நம் எல்லைப் பக்கத்திலிருந்து ஜப்பானுக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீடு பிடிப்பது, வங்கிக் கணக்கு, குப்பை பிரிப்பது எல்லாவற்றையும் வந்தவுடன் கேட்கிறீர்கள். ஒன்சென் என்ற வெந்நீர் ஊற்றுக் குளியலிடத்தைப் பற்றி மட்டும் பெரும்பாலோர் வாய் திறப்பதில்லை. காரணம் தெரியும்: உள்ளே உடம்பில் ஒரு துணி இல்லாமல் இறங்க வேண்டும். அந்த ஒரு கூச்சத்துக்காகப் பல வருடம் இங்கே இருந்தும் ஒருமுறைகூடப் போகாமல் ஊர் திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். சாரல் விழுந்தால் கடையைச் சாத்திவிட்டு அருவிக்குப் போகிற ஊர்க்காரர்கள் நாம். குளிப்பதற்கென்றே ஒரு முழு நாளை ஒதுக்குவது நமக்குப் புதிதில்லை. அதனால்தான் இது வருத்தமாக இருக்கிறது. முதல் குளிர்காலத்தில் உடம்பும் மனசும் சுருங்கிக் கிடக்கும்போது இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

ஒன்சென் என்ற பெயரை யாரும் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ள முடியாது. 1948இல் வந்த சட்டப்படி, நிலத்திலிருந்து வரும் நீர் ஊற்றுக்கண்ணில் 25 டிகிரியாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் சட்டம் பட்டியலிட்ட தாதுப்பொருள்களில் ஒன்றாவது போதிய அளவு இருக்க வேண்டும். என்ன நீர், என்னென்ன கலந்திருக்கிறது, யார் இறங்கக் கூடாது என்பதை எழுதி மாட்டியிருப்பார்கள். கைபேசி மொழிபெயர்ப்பில் அதைப் படித்துப் பார்க்கலாம், ஆனால் உடை மாற்றும் அறைக்குள் கைபேசியை எடுக்கவே கூடாது. வெளியே ஒட்டியிருந்தால் அங்கேயே பாருங்கள், அல்லது வீட்டிலேயே அவர்கள் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். செந்தோ என்பது வேறு, அது தெருவுக்குத் தெரு இருந்த பொதுக் குளியலகம், பெரும்பாலும் சாதாரண நீரைக் காய்ச்சி ஊற்றியது. தோக்கியோவில் பெரியவர்களுக்கு அதன் கட்டணம் 2024 ஆகஸ்டில் 550 யென் ஆனது. கூச்சம் போக முதலில் வீட்டுப் பக்கத்து செந்தோவுக்கு ஒரு மாலை போய்வருவது நல்ல யோசனை. ஓத்தா வட்டாரத்தில் சில செந்தோக்களில் கட்டங்காப்பி நிறத்தில் இயற்கை ஊற்று நீரே வருகிறது.

இனி திட்டம். நம் ஆட்கள் செய்வது இது: ஒரே நாளில் கோயில், ஏரி, கப்பல், கேபிள் கார், கடைசியில் அரை மணி நேரம் குளியல், பிறகு ரயிலுக்கு ஓட்டம். அப்படிப் போவதாக இருந்தால் ஒன்சென்னை விட்டுவிடுங்கள். ஒரே ஊர், ஒரே குளியலிடம், நடுவில் இரண்டு மணி நேரம் சும்மா படுத்துக் கிடக்க நேரம். இதற்கு மேல் அந்த நாளில் ஒன்றும் வைக்காதீர்கள்.

தோக்கியோவிலிருந்து ஹகோனே. ஷிஞ்சுகு நிலையத்தில் ரொமான்ஸ் கார் என்ற விரைவு ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் ஹகோனே-யுமோதோ. எல்லா இருக்கையும் முன்பதிவுதான், காலை வண்டியை முந்தின நாளே எடுத்துவிடுங்கள். யுமோதோ நிலையத்தைச் சுற்றியே பகல் குளியலுக்கு அனுமதிக்கும் இடங்கள் இருக்கின்றன, மலை மேலே ஏறத் தேவையில்லை. ஒசாகா, கோபே ஆட்களுக்கு அரிமா இருக்கிறது. கோபேயின் சன்னோமியா நிலையத்திலிருந்து ரயில் மாறிப் போனாலும் முக்கால் மணி நேரத்துக்குள் ஆகிவிடும். அங்கே பொன்னிற நீர் என்கிறார்கள், பார்த்தால் செம்மண் கரைசலாக இருக்கும். இரும்பும் உப்பும் நிறைந்தது, வெள்ளைத் துண்டு கொண்டுபோனால் கறை போகாது, பழைய துண்டு எடுத்துப் போங்கள். நகோயாவில் இருப்பவர்களுக்கு கெரோ. ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ரயில், நீர் வழுவழுவென்று இருக்கும், மேனிக்கு மென்மையானது. ஃபுகுவோகாவிலிருந்து பெப்பு இரண்டு மணி நேரம்.

குசாத்சுவைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். ஊர் நடுவில் ஆவி பறக்கும் ஊற்று, மரப்பலகையால் நீரைக் கிளறிச் சூடு தணிக்கும் வழக்கம், எல்லாம் உண்மை. ஆனால் நீர் கடும் அமிலம், எலுமிச்சைச் சாற்றின் அளவுக்கு. தோக்கியோவிலிருந்து ரயிலும் பேருந்துமாகப் போய்ச்சேரவே மூன்று மணி நேரம். முதல் தடவைக்கு வேண்டாம், பிறகு ஓர் இரவு தங்குவதுபோலப் போங்கள்.

நாள் பார்க்கும்போது ஏப்ரல் கடைசி முதல் மே முதல் வாரம் வரை வரும் தொடர் விடுமுறை, ஆகஸ்ட் நடுவில் முன்னோரை நினைக்கும் ஓபோன் பண்டிகை, புத்தாண்டு, கூட்டம் நெரியும் இந்த மூன்றையும் தவிர்க்க வேண்டும். வார நாளில் ஒரு விடுப்பு எடுத்துப் போனால் சிலசமயம் தொட்டி முழுதும் உங்களுக்கே. ஆனால் பல இடங்களுக்கு வார நாளில்தான் விடுமுறை வரும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். தங்கும் விடுதிகள் வெளியாட்களைக் குளிக்க விடுவது பெரும்பாலும் காலை 11 மணி வாக்கில் தொடங்கி மதியம் 3 மணி போல முடிந்துவிடும். கட்டணத்தோடு 150 யென் போலக் குளியல் வரி சேரும் இடங்களும் உண்டு. கையில் நோட்டும் 100 யென் நாணயங்களும் இருக்கட்டும், டிக்கெட் இயந்திரமும் பூட்டுப் பெட்டியும் பல இடங்களில் அதைத்தான் கேட்கும்.

உள்ளே போனால் முதலில் செருப்பு பெட்டியில். பிறகு திரைச்சீலை: நீலம் ஆண்கள், சிவப்பு பெண்கள் என்பது பொது வழக்கம். நிறம் மட்டும் நம்பாமல் எழுத்தையும் பாருங்கள், மேல் பாதியில் நான்கு அறை கொண்ட கட்டம் இருந்தால் அது ஆண்கள் பக்கம். சில விடுதிகளில் ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டையும் மாற்றிவிடுவார்கள், அதனால் போன தடவை போன கதவு என்று நுழையக் கூடாது.

துணியெல்லாம் கூடையில். சின்னத் துண்டு ஒன்றுதான் உள்ளே. அதை முன்னால் பிடித்துக்கொண்டு நடக்கலாம், அங்கேயும் பலர் அப்படித்தான் நடக்கிறார்கள். முதலில் வரிசையாக இருக்கும் குட்டி முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு முழுதாகக் குளித்துவிட வேண்டும். நின்றுகொண்டு தண்ணீரை வாரி ஊற்றினால் பக்கத்தில் இருப்பவர் மேல் தெறிக்கும். தொட்டி அழுக்குப் போக்கும் இடமில்லை, சுத்தமான உடம்போடு ஊறும் இடம். நமக்கு இதில் ஒரு சிக்கல், தலையில் எண்ணெய். குற்றாலத்தில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று நீதிமன்றம் தடை போட்டபோது நாம் புரிந்துகொண்டதுபோல இங்கேயும் புரிந்துகொள்ளுங்கள். போகிற அன்று காலை தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டாம். மஞ்சள் பூசும் வழக்கம் இருந்தால் அன்று விட்டுவிடுங்கள், நீர் நிறம் மாறினால் மற்றவர்களுக்குச் சங்கடம். நீண்ட கூந்தலை உச்சியில் கொண்டை போட்டுக்கொள்ளுங்கள், முடி நீரில் விழக் கூடாது. துண்டும் நீரில் படக் கூடாது. மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்ளலாம்.

யாரும் உங்களைப் பார்க்க மாட்டார்கள். இதை நம்பச் சொல்வது கஷ்டம், ஆனால் அங்கே இருக்கும் பாட்டிமாரும் தாத்தாமாரும் கண்ணை மூடிக்கொண்டு தங்கள் பாட்டுக்கு ஊறிக்கொண்டிருப்பார்கள். ஐந்து நிமிடத்தில் கூச்சம் போய்விடும். பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள், அருவிச் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய குரல் நமக்கு.

நீர் பெரும்பாலும் 40 முதல் 42 டிகிரி. குளிர்ந்த அருவிக்குப் பழகிய உடம்புக்கு இது பெரிய மாற்றம். தொட்டி ஓரத்தில் இருக்கும் வாளியால் முதலில் காலில், அப்புறம் இடுப்பில், தோளில் என்று மொண்டு ஊற்றுங்கள். உடம்பு சூட்டுக்குப் பழகும், இரத்த அழுத்தம் திடீரென்று மாறாது. மெதுவாக இறங்குங்கள். முதல் முறை மூன்று நான்கு நிமிடம் போதும். வெளியே வந்து உட்காருங்கள், திரும்ப இறங்குங்கள். எழுந்திருக்கும்போது கைப்பிடியைப் பிடித்து மெல்ல எழ வேண்டும், வெந்நீரில் இரத்தக் குழாய் விரிந்திருப்பதால் தலை சுற்றும். வயிறு முட்டச் சாப்பிட்டதும் இறங்க வேண்டாம், மது குடித்திருந்தால் இறங்கவே கூடாது. திறந்தவெளித் தொட்டி இருந்தால் அதற்குத்தான் நிறைய நேரம் ஒதுக்க வேண்டும். முகத்தில் குளிர்காற்று, கழுத்துக்குக் கீழே சூடு. பனி விழும் நாளாக அமைந்துவிட்டால் அதற்கு இணையே இல்லை. நம் பேரருவியில் நின்றவனுக்கு அந்தச் சுகம் சொல்லாமலே புரியும்.

முடிந்ததும் உடை மாற்றும் அறைக்குள் போகும் முன்பே துண்டைப் பிழிந்து உடம்பைத் துடைத்துக்கொள்ளுங்கள், ஈரக்காலோடு உள்ளே போனால் முகம் சுளிப்பார்கள். அப்புறம் தண்ணீர். கண்ணாடிப் புட்டியில் குளிர்ந்த பால், காப்பிப் பால் விற்பார்கள், அதையும் விட வேண்டாம். ஓய்வறையில் பாய் விரித்த தரை இருக்கும். படுங்கள். அந்த ஒரு மணி நேரத் தூக்கத்துக்காகத்தான் இவ்வளவும்.

சாப்பாடு: அருவிக் குளியல் முடித்து பிரானூர் பார்டரில் பரோட்டா தேடும் அதே பசி வரும். அசைவம் சாப்பிடுபவர்களுக்குக் கவலையில்லை. சைவமென்றால், காய்கறி மட்டும் தெரியும் நூடுல்ஸிலும் குழம்புநீர் பெரும்பாலும் காய்ந்த மீனில் எடுத்தது. புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள். ஆனால் குளியலிடத்துக்குள் வெளிச் சாப்பாட்டை அனுமதிக்காத இடம் அதிகம், ஆற்றங்கரையிலோ நிலையத்து இருக்கையிலோ முன்பே சாப்பிட்டுவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துக் குளிக்கலாம். கடைத்தெருவில் ஆவியில் வேகவைத்து விற்கும் மஞ்சு என்ற சிவப்புப்பயறு பூரணப் பலகாரம் பெரும்பாலும் சைவம்தான்.

கேட்டவர்களுக்குப் பதில்:

தாலியைக் கழற்ற வேண்டுமா என்று கேட்ட புளியரைத் தங்கச்சிக்கு. தாலியைக் கழற்றியே ஆக வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் கந்தக நீர் வெள்ளியைக் கறுப்பாக்கிவிடும். மெட்டி, கொலுசு, குழந்தையின் வெள்ளி அரைஞாண் எல்லாம் கறுத்துப்போகும். சுத்தத் தங்கத்துக்கு ஒன்றும் ஆகாது, நம் நகையில் கலந்திருக்கும் செம்பும் வெள்ளியும்தான் மங்கும். தாலி கழற்ற மனமில்லை என்றால் கெரோ மாதிரி மென்மையான நீருள்ள ஊருக்குப் போங்கள். கந்தக ஊர் வேண்டாம். கழுத்தில் கிடக்கட்டும்.

துணியில்லாமல் முடியவே முடியாது என்ற தம்பிக்கு. வழி நிறைய இருக்கிறது. கஷிகிரி என்று கேட்டால் தனிக் குளியலறையை மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்குத் தருவார்கள், கணவன் மனைவி குழந்தைகளாக உள்ளே பூட்டிக்கொண்டு குளிக்கலாம். முன்பதிவு அவசியம். ஹகோனேயில் யுனெஸ்ஸன் என்ற இடத்தில் நீச்சலுடையோடு எல்லோரும் ஒன்றாக இறங்கலாம், குழந்தைகளுக்கு அது கொண்டாட்டம். பெப்புவிலும் ககோஷிமா பக்கத்து இபுசுகியிலும் மணல் குளியல் உண்டு: யுகாதா என்ற பருத்தி அங்கியோடே படுக்க வைத்துச் சூடான மணலை மேலே அள்ளிப் போடுவார்கள், பத்து நிமிடத்தில் வேர்த்துக் கொட்டும். பெப்புவின் தாகேகவரா குளியலகம் 1879இல் தொடங்கியது, இப்போதுள்ள மரக்கட்டடம் 1938இல் கட்டியது, கட்டடத்தைப் பார்ப்பதற்கே போகலாம். இதெல்லாமும் வேண்டாம் என்றால் அஷியு. வேட்டியை, பேண்ட்டை முழங்கால் வரை மடித்துக் காலை மட்டும் நனைக்கும் தொட்டி, பல ஊர்களில் தெருவோரத்திலேயே இலவசம்.

ஊரிலிருந்து அம்மா அப்பாவை அழைத்துவருபவர்கள் கொஞ்சம் நின்று படியுங்கள். சர்க்கரை நோய் பல வருடமாக இருப்பவர்களுக்குப் பாதத்தில் சூடு உறைக்காது. கையால் நீரைப் பார்த்துவிட்டுத்தான் காலை வைக்கச் சொல்ல வேண்டும், காலில் புண் இருந்தால் இறங்க வேண்டாம். இன்சுலின் போடுபவர்களுக்கு வெந்நீரில் மருந்து வேகமாக ஏறிச் சர்க்கரை தாழலாம், மிட்டாய் கைப்பையில் இருக்கட்டும். இதய நோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம் என்றால் மருத்துவரைக் கேட்காமல் கூட்டிப் போகாதீர்கள். குளிர்காலத்தில் சில்லென்ற அறையில் துணியைக் கழற்றிவிட்டு நேரே வெந்நீரில் இறங்குவதுதான் முதியவர்களுக்கு மிக ஆபத்து. ஆண் பெண் தனித்தனிப் பக்கம் என்பதால் அப்பாவோடு மகனும் அம்மாவோடு மகளோ மருமகளோ உள்ளே போக வேண்டும், தனியே அனுப்பக் கூடாது. ஆள் இல்லையென்றால் கஷிகிரி எடுத்துவிடுங்கள்.

கர்ப்பமாக இருப்பவர்கள்: இறங்கக் கூடாதவர்கள் பட்டியலிலிருந்து கர்ப்பத்தை 2014இல் அரசு எடுத்துவிட்டது. இருந்தாலும் தரை வழுக்கும், சூடு அதிகம், உங்கள் மருத்துவர் சொல்வதுதான் முடிவு. மாதவிலக்கு நாளில் பொதுத் தொட்டி வேண்டாம்.

பிள்ளைகள்: தோக்கியோவில் 2022 முதல் 7 வயது நிரம்பிய பிள்ளைகள் எதிர்ப்பாலார் பக்கம் போக முடியாது. அப்பா இல்லாமல் பெரிய பையனை அழைத்துப் போகும் அம்மாக்கள் இதை யோசித்துக் கிளம்புங்கள். டயப்பர் போடும் குழந்தையைப் பெரும்பாலான இடங்களில் தொட்டிக்குள் விட மாட்டார்கள்.

பச்சை குத்தியிருப்பது பற்றி ஒருவர் கேட்டிருந்தார். கையில் முருகன் வேல்தான் என்று விளக்கினாலும் பல ஒன்சென்களில் அனுமதி கிடையாது. சின்னதாக இருந்தால் மறைக்கும் ஒட்டு கடைகளில் கிடைக்கிறது, சில இடங்கள் அதை ஏற்கும். செந்தோவில் பொதுவாகத் தடையில்லை. ஹ்யோகோ மாநிலத்தில் கினோசாகி என்ற ஊரின் பொதுக் குளியலகங்களிலும் பச்சைக்குத் தடையில்லை, ஆனால் அது கொஞ்சம் தூரம், இரவு தங்குவதாகத் திட்டமிடுங்கள்.