பாட்டிக்குப் பொய், பேரனுக்கு உண்மை: ஒரே வீட்டில் இரண்டு விதி சரியா?

கோப்புக்காரன்:
ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். நான் சமூகப்பணியாளன், என் பொறுப்பில் ஒரு வீடு. பாட்டிக்கு அல்சைமர், நடுக்கட்டம். பார்த்துக்கொள்பவர் மூத்த மகள். அவருடைய தங்கை பையன், ஒன்பது வயது, நீதிமன்ற உத்தரவின் பேரில் போன வருடம் இந்த வீட்டுக்கு வந்தான். அவன் அம்மா போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சையில் இருக்கிறார். பையனிடம் "வெளியூரில் வேலை, சீக்கிரம் வந்துடுவாங்க" என்று சொல்லி வைத்திருக்கிறார்கள்.

சாயங்காலம் ஆனால் பாட்டி தன் கணவரைத் தேடுவார். அவர் இறந்து பன்னிரண்டு வருடம். "ஆபீஸ்ல வேலையாம், சீக்கிரம் வந்துடுவார்" என்பார் மகள். பாட்டி அடங்கிவிடுவார். நானும் அதைக் குறை சொன்னதில்லை. போன விசிட்டில் அவர் இதைச் சொல்லி முடித்த கையோடு பையன் என் பக்கம் திரும்பி, "அப்போ எங்கம்மாவும் செத்துட்டாங்களா?" என்று கேட்டான்.

இல்லை, உயிரோடுதான் இருக்கிறார் என்று சொன்னேன். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. பையனுக்கு உண்மையைச் சொல்லலாம், பாட்டிக்கு இப்போது நடப்பதே நடக்கட்டும் என்று பரிந்துரை எழுதினேன். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு விதி நிற்காது என்கிறார் எனக்கு மேல் இருப்பவர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

நேர்கோடு:
உங்கள் மேலாளர் சொல்வதுதான் சரி. மறதி நோய் உள்ளவர்களை மனிதர்களாக நடத்துவது பற்றி நாம் இன்று பேசும் பல விஷயங்களுக்கு டாம் கிட்வுட் முன்னோடி. ஒருவருடைய ஆளுமையைச் சிதைக்கும் 17 நடத்தைகளை அவர் 1997இல் பட்டியல் போட்டார். முதலில் நிற்பதே ஏமாற்றுதான். கெட்ட எண்ணத்தோடு செய்வதை மட்டும் அவர் சொல்லவில்லை. நல்லவர்கள் அன்போடு, வேலை முடிய வேண்டுமே என்று செய்வதைத்தான் சொன்னார்.

இன்று "ஆபீஸ்ல இருக்கார்". நாளை மாத்திரையைச் சோற்றில் பிசைந்து கொடுப்பார்கள். மறுநாள் "சும்மா ஒரு கையெழுத்து" என்று வீட்டுப் பத்திரத்தை நீட்டுவார்கள். எங்கே கோடு போடுவீர்கள்?

இரவுப்பணி:
கோடு போடுவது இருக்கட்டும். நேர்கோடு சார், நீங்கள் ஒரு இரவாவது முதியோர் இல்லத்தில் பணி பார்த்திருக்கிறீர்களா? நான் பதினோரு வருடமாகப் பார்க்கிறேன். சேர்ந்த புதிதில், பொய் சொல்லக்கூடாது என்ற பயிற்சி வகுப்பை நம்பி, ஒரு பெரியவரிடம் "உங்க மனைவி தவறிட்டாங்கய்யா" என்று சொன்னேன். அவர் அழுத அழுகையை இன்னும் மறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் எழுந்து வந்து "அவ எங்கே?" என்றார். ஒரே ராத்திரியில் ஒரு மனிதரை இரண்டாவது முறை மனைவியை இழக்கவைக்க எனக்கு மனசு வரவில்லை.

இதற்கு ஆய்வும் உண்டு. அயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் உள்ள 17 பேருக்குச் சோகமான படக்காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். 2014இல் வெளிவந்தது. பார்த்தது மறந்த பிறகும் சோகம் போகவில்லை. எவ்வளவு குறைவாக நினைவிருந்ததோ, அந்த அளவுக்குச் சோகம் நீடித்தது. செய்தி மறந்துவிடும் சார், அடி மட்டும் தங்கும்.

நேர்கோடு:
அந்த ஆய்வு எனக்கும் தெரியும். அதில் அளந்தது அரை மணி நேரம் வரைதான், அதை ஆயுளுக்கும் இழுக்காதீர்கள். இருந்தாலும் உங்கள் வாதத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். உணர்வு தங்கும் என்றால் சந்தேகமும் தங்குமே? "இவங்க எதையோ மறைக்கிறாங்க" என்பதும் உணர்வுதானே?

அப்புறம், செத்துட்டார் என்று முகத்தில் அடிப்பதும் ஆபீஸ்ல இருக்கார் என்பதும் மட்டும்தானா வழி? நவோமி ஃபெயில் 1960களிலிருந்து உருவாக்கிய முறையில் இரண்டும் கிடையாது. திருத்தவும் மாட்டார்கள், பொய்யும் சொல்ல மாட்டார்கள். "அவரைத் தேடுதா? எப்படி இருப்பார் அவர்?" என்று கேட்பார்கள். கேள்விக்குப் பின்னால் இருக்கும் ஏக்கத்துக்குப் பதில் சொல்வார்கள்.

இரவுப்பணி:
எனக்கும் அது பிடிக்கும். பத்தில் ஆறு தடவை பலிக்கும். ஏழாவது தடவை அந்த அம்மா என் கையைப் பிடித்து, "பேச்சை மாத்தாதே. அவர் எங்கே? இருக்காரா இல்லையா?" என்பார். நேரடிக் கேள்வி. பக்கத்து அறையில் ஒருவர் படுக்கையிலிருந்து இறங்கப் பார்க்கிறார், மாடியில் மணி அடிக்கிறது, பணியில் நான் ஒரே ஆள். இப்போது சொல்லுங்கள், உங்கள் வாயிலிருந்து என்ன வரும்?

நேர்கோடு:
அப்படியானால் பிரச்சினை ஆள் பற்றாக்குறை. அதற்கு "அன்பான பொய்" என்று பெயர் வைக்கிறீர்கள்.

இரவுப்பணி:
பெயர் எதுவாக இருந்தாலும் அந்த அம்மா அன்று தூங்கினார். கேள்விக்குப் பதில் வரவில்லை என்பதையும் குறித்துக்கொள்கிறேன்.

மூத்தமகள்:
இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். நான் சமூகப்பணி படித்தவள் இல்லை, அப்பாவைப் பார்த்துக்கொள்கிறேன். அவருக்கு லூயி பாடி என்ற வகை மறதி நோய். மறதி நோய் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்துப் பேசுகிறீர்கள். இந்த வகையில் நிலைமை ஏறி இறங்கும். ஒரு நாள் சுவரில் ஆள் நிற்கிறான் என்பார், மறுநாள் காலை கணக்கு வழக்கெல்லாம் பேசுவார்.

அப்படி ஒரு தெளிந்த காலையில் கேட்டார்: "நேத்து அண்ணன் வந்துட்டு இருக்கான்னு ஏன் சொன்னே? அவன் போய்ச் சேர்ந்து எத்தனை வருஷமாச்சு?" நான் என்ன சொல்ல? அதன் பிறகு சில வாரம் என் கையால் கொடுத்த மாத்திரையை அவர் வாங்கவே இல்லை. நேர்கோடு சொல்லும் சந்தேகத்தை நான் கண்ணால் பார்த்தேன். அதற்காக உண்மை விளம்பியாக ஆகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். மோசமான இரவுகளில் இன்றும் பொய் சொல்கிறேன். முன்பு கூசாமல் சொன்னேன், இப்போது கூசிக்கொண்டு சொல்கிறேன்.

மழலைத்தோழி:
எல்லோரும் பாட்டியைச் சுற்றியே நிற்கிறீர்கள். பையன் கேட்டதைத் திரும்பப் படியுங்கள். அவன் சரியாகத்தான் யோசித்திருக்கிறான். "சீக்கிரம் வந்துடுவார்" என்று இந்த வீட்டில் யாரைப் பற்றிச் சொல்கிறார்களோ அவர் இறந்தவர். அம்மாவைப் பற்றியும் அதையேதான் சொல்கிறார்கள்.

பிரித்து வைக்கப்பட்ட குழந்தைகளோடுதான் என் வேலை. நாம் சொல்லாமல் விட்ட இடத்தைக் குழந்தை சும்மா விடாது, தானே நிரப்பிக்கொள்ளும். பெரும்பாலும் "என்னாலதான்" என்று நிரப்பும், இல்லையென்றால் உண்மையைவிடப் பயங்கரமாக எதையாவது வைத்து நிரப்பும். 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையில் 9ஆம் பிரிவு இதைத் தொடுகிறது. குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரித்தது அரசு நடவடிக்கை என்றால், பெற்றோர் எங்கே இருக்கிறார் என்ற அவசியமான தகவலைக் கேட்டால் தர வேண்டும். குழந்தைக்குக் கேடு என்றால் மட்டும் விலக்கு. இங்கே கேடு செய்துகொண்டிருப்பது பொய்தான்.

கோப்புக்காரன், இரண்டு விதி நிற்கும். ஆனால் ஏன் இரண்டு என்பதைப் பையனுக்கு நீங்கள் சொல்ல வேண்டும். நான் சொல்வது இப்படி இருக்கும்: "பாட்டிக்குப் புதுசா சொன்னது மனசுல நிக்காது. தாத்தா இறந்ததைச் சொன்னா ஒவ்வொரு தடவையும் அப்பத்தான் கேள்விப்பட்ட மாதிரி அழுவாங்க. உனக்கு நிக்கும். அதனால உனக்கு நிஜத்தைத்தான் சொல்வோம்."

இன்னொன்று. பாட்டி அவனிடம் கேட்டால் அவன் பொய் சொல்ல வேண்டியதில்லை என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். "பெரியம்மாவைக் கூப்பிடுறேன் பாட்டி" என்றால் போதும்.

இரவுப்பணி:
முதல் பாதிக்குக் கை தட்டுகிறேன். இரண்டாவது பாதி கொஞ்சம் அதிகம். குழந்தைகள் கதை கட்டுவதில் கெட்டிக்காரர்கள். பாட்டியோடு அவன் விளையாட்டாகச் சேர்ந்துகொண்டால் என்ன குறைந்துவிடும்?

மழலைத்தோழி:
வேறு குழந்தை என்றால் நானும் விட்டுவிடுவேன். போதையில் படுத்திருந்த அம்மாவுக்காக இவன் எத்தனை பேரிடம் "அம்மா தூங்குறாங்க" என்று சொல்லியிருப்பான் என்று யோசியுங்கள். பெரியவர்களுக்காகப் பொய் காப்பது இவனுக்குப் பழைய உத்தியோகம். அதிலிருந்து விடுவிக்கத்தான் இங்கே கொண்டுவந்தோம்.

சட்டப்பக்கம்:
நேர்கோடு கேட்ட "எங்கே கோடு?" என்பதற்குப் பதில் உண்டு. ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் மொத்தமாக இருக்கிறது அல்லது இல்லை என்று பார்க்கக்கூடாது, ஒவ்வொரு முடிவுக்கும் தனியாகப் பார்க்க வேண்டும். இங்கிலாந்து, வேல்ஸில் 2005இல் வந்த மனத்திறன் சட்டம் இந்த அடிப்படையில்தான் நிற்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. குழு 2014இல் இன்னும் ஒரு படி மேலே போனது. பெரியவர் விஷயத்தில் "அவருக்கு எது நல்லது" என்று நாம் தீர்மானிப்பதை விட்டுவிட்டு, அவருடைய விருப்பம் என்னவாக இருக்கும் என்று முடிந்தவரை புரிந்துகொண்டு நடக்கச் சொன்னது.

எனவே கையெழுத்து, பணம், மருந்து என்று பாட்டிக்குப் பின்விளைவு உள்ள எதிலும் பொய்க்கு இடமில்லை. மருந்தை மறைத்துக் கொடுக்கும் நிலை வந்தால் மருத்துவர் உட்பட நாலு பேர் உட்கார்ந்து முடிவெடுத்து எழுதி வைக்க வேண்டும். சாயங்கால ஆறுதல் வேறு கணக்கு. ஆனால் அதையும் யார், எப்போது, என்ன வார்த்தையில் சொல்கிறார்கள் என்று பராமரிப்புத் திட்டத்தில் எழுதுங்கள். காலையில் ஒருவர் "ஆபீஸ்", மாலையில் இன்னொருவர் "ஊர்" என்றால் பாட்டிக்குத்தான் குழப்பம்.

நேர்கோடு:
ஜெர்மனியில் டூசல்டார்ஃபில் ஒரு முதியோர் இல்லத்துக்கு வெளியே பஸ் வராத பஸ் நிறுத்தம் வைத்தார்கள். வீட்டுக்குப் போகணும் என்று கிளம்புபவர்கள் அங்கே உட்காருவார்கள், கொஞ்ச நேரத்தில் போகும் எண்ணம் மறந்துவிடும், பணியாளர் உள்ளே அழைத்து வருவார். ஊரே பாராட்டியது. நீங்கள் சொல்வது அதையேதான் படிவத்தில் செய்வது. திட்டத்தில் எழுதிவிட்டால் பொய் உண்மையாகிவிடுமா? படிவம் நிரப்பிய பொய் ஆகும், அவ்வளவுதான்.

இரவுப்பணி:
அந்த பெஞ்சு இல்லாவிட்டால் அவர்கள் ரோட்டில் நடந்திருப்பார்கள். இல்லையென்றால் கதவைப் பூட்டியிருப்பார்கள். பூட்டு உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன்.

கோப்புக்காரன்:
நேற்று மறுபடி போனேன். முதலில் பெரியம்மாவோடு தனியாகப் பேசினேன். "தங்கச்சியைப் பத்தி அவன்கிட்ட கேவலமா எப்படிச் சொல்றது?" என்பதுதான் அவருடைய தயக்கம் முழுவதும். பாட்டி விஷயத்தில் பழகிய வாய், பையனிடமும் அப்படியே போயிருக்கிறது. நோய், சிகிச்சை என்று சொல்லலாம் என்று முடிவானது.

பையனிடம் அவரே சொன்னார், நான் பக்கத்தில் இருந்தேன். அவன் அழுவான் என்று எதிர்பார்த்தோம். "நான் எந்த ஸ்கூல்ல படிக்கிறேன்னு அம்மாவுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டான். தெரியாது. நான் சொல்கிறேன் என்று சொன்னேன். கடிதம் எழுதலாமா என்று சிகிச்சை மையத்தில் கேட்டிருக்கிறேன்.

பாட்டி வழக்கம் போலத் தேட ஆரம்பித்தார். நேர்கோடு சொன்ன மாதிரி "அவரைத் தேடுதாம்மா?" என்றேன். "ஆமா" என்றார். அவர் எப்படி நடப்பார், செருப்பை எங்கே விடுவார் என்றெல்லாம் பேசினார். பத்து நிமிடம் நன்றாகப் போயிற்று. அப்புறம் "நீ யாரு, அவர் ஏன் இன்னும் வரலை?" என்றார். மகள் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. "வந்துடுவார்மா" என்றார் மகள். கோப்பில் அதை அப்படியே எழுதியிருக்கிறேன், "ஆறுதல் கூறப்பட்டது" என்று பூசி மெழுகவில்லை.

நேர்கோடு:
பத்து நிமிடம் போயிற்றே, அதைக் கவனியுங்கள். பதினோராவது நிமிடத்தில் நான் இன்னும் உங்களோடு உடன்படவில்லை.

மூத்தமகள்:
ஒரு சந்தேகம். பாட்டி எத்தனை மணிக்குத் தேட ஆரம்பிக்கிறார்? எங்கப்பா சரியாக அவர் கடை அடைக்கும் நேரத்துக்குத்தான் எழுந்து நிற்பார். அந்த நேரத்துக்குக் கையில் சாவிக் கொத்தையும் நோட்டுப் புத்தகத்தையும் கொடுத்தோம், தேடுவது பாதியாகக் குறைந்தது. கணவர் வரும் நேரத்தில் இந்த அம்மா முன்பெல்லாம் என்ன வேலை செய்துகொண்டிருப்பார் என்று யாராவது கேட்டீர்களா?

கோப்புக்காரன்:
கேட்கவில்லை. தேடுவது ஐந்தரை மணி வாக்கில். அடுத்த விசிட் வியாழக்கிழமை, மகளிடம் கேட்டு எழுதுகிறேன்.