முன் வலது சக்கரம் பிடித்துக்கொள்கிறது: காரணம் பிரேக் ஹோஸ்தானா?

கேட்டவர்:
வணக்கம். நடுத்தர ரக லாரி, ஹைட்ராலிக் பிரேக், முன்பக்கம் டிஸ்க். பெடலை விட்ட பிறகும் முன் வலது சக்கரம் கொஞ்ச நேரம் பிடித்தே நிற்கிறது. அந்தப் பக்கத்து டிஸ்க் மட்டும் கொதிக்கிறது. காலிப்பர் (டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) பின்கள் நன்றாகவே நகர்கின்றன. காலிப்பருக்குப் பிரேக் ஆயில் கொண்டுபோகும் ஹோஸின் வெளி ரப்பரில் வெடிப்பு இருக்கிறது. ஹோஸை மாற்றினால் போதுமா? மேலே ஸ்டீல் பைப் நட் துருவேறியிருக்கிறது, அதைக் கழற்றத்தான் பயமாக இருக்கிறது.

பதில் 1:
ரப்பர் வெடித்துவிட்டால் ஹோஸை எப்படியும் மாற்றியாக வேண்டும். ஆனால் சக்கரம் பிடிப்பதும் அதனால்தானா என்று முதலில் பாருங்கள். உள்சுவர் உப்பி அடைத்துக்கொண்டால், மிதிக்கும்போது ஆயில் காலிப்பருக்குப் போய்விடும், திரும்பி வராது.

சமதரையில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வேலை செய்யவே கூடாது. பெடலை மிதித்து விடுங்கள். சக்கரம் பிடித்திருக்கும்போதே ஹோஸின் மேல்முனை நட்டைச் சற்றுத் தளர்த்துங்கள். சக்கரம் விட்டால் கோளாறு மாஸ்டர் சிலிண்டர் (பெடல் அழுத்தத்தை ஆயிலுக்குத் தரும் பாகம்) பக்கம். விடவில்லையா, நட்டை இறுக்கிவிட்டு ப்ளீடரை (காலிப்பரில் ஆயிலையும் காற்றையும் வெளியேற்றும் திருகு) திறவுங்கள். அப்போது விட்டால் ஹோஸ் அடைப்புதான். அதற்கும் அசையாவிட்டால் காலிப்பர் பிஸ்டன் இறுகியிருக்கும்.

நட்டுக்குத் துரு இளக்கும் ஆயில் அடித்து ஊற விடுங்கள். சாதா ஸ்பேனர் முனைகளை மழுக்கிவிடும், நட்டைச் சுற்றிலும் பிடிக்கும் ஃப்ளேர் நட் ஸ்பேனர்தான் வேண்டும். இன்னொரு ஸ்பேனரால் ஹோஸ் முனையைப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஸ்டீல் பைப் முறுக்கிக்கொண்டு உடையும்.

கேட்டவர்:
மிக்க நன்றி அண்ணா. ஊறவைத்த பிறகு நட் அசைந்தது, ஆனால் சக்கரம் விடவில்லை. ப்ளீடரைத் திறந்ததும் ஆயில் பீய்ச்சியடித்தது, சக்கரம் கையாலேயே சுற்றியது. அப்படியென்றால் ஹோஸ்தான். மாட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில் 2:
ஹோஸைக் காலிப்பரில் பொருத்தும் பேஞ்சோ போல்ட்டுக்கு (உள்ளே ஆயில் ஓடும் துளையுள்ள போல்ட்) செப்பு வாஷர் இரண்டு, ஹோஸ் முனையிலுள்ள வளையக் கண்ணின் இருபுறமும் ஒவ்வொன்று. இரண்டுமே புதிதாக இருக்கட்டும். பழையது ஒருமுறை நசுங்கியது, கசியும். இறுக்கும் அளவை அந்த வண்டியின் சர்வீஸ் கையேட்டில் பார்த்து டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். காலிப்பரை ஹோஸில் தொங்க விடாதீர்கள்.

அதைவிட முக்கியம், ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமல் உட்கார வேண்டும். மேலே கோடோ எழுத்தோ இருந்தால் அது நேராக ஓட வேண்டும். மேல்முனைக் கிளிப்பைத் தட்டி உட்கார வைத்ததும் ஸ்டீயரிங்கை இருபக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். சக்கரம் தொங்கும்போது ஒருமுறை, தரையில் பாரம் ஏறியதும் ஒருமுறை. எங்கேயும் இழுபடவோ, டயரிலோ சேசிஸிலோ உரசவோ கூடாது. இதைப் பார்க்காமல் விட்டால் புது ஹோஸும் சீக்கிரமே தேய்ந்துவிடும்.

பதில் 3:
ஆயில் மூடியில் போட்டிருக்கும் வகையையே ஊற்றுங்கள். டாட் 3, டாட் 4 கேட்கும் வண்டியில் சிலிகான் வகையான டாட் 5 கூடாது. இன்ஜின் ஆயில் ஒரு சொட்டு கலந்தாலும் ரப்பர் சீல்கள் உப்பிவிடும். ஹோஸை மாற்றியபோது உள்ளே புகுந்த காற்றை ப்ளீடர் வழியாக எடுக்கும்போது பிரேக் ஆயில் டேங்க் காலியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) யூனிட்டுக்குள் காற்று புகுந்துவிட்டால் கம்ப்யூட்டர் ஸ்கேனர் இல்லாமல் எடுக்க முடியாமல் போகலாம். பெயின்டில் ஆயில் பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

கேட்டவர்:
மாட்டியாயிற்று. பெடல் கெட்டியாக நிற்கிறது, பலமாக மிதித்துப் பிடித்தும் எங்கும் கசிவில்லை. இடப்பக்க ஹோஸில் வெடிப்பு தெரியவில்லை, அதை விட்டுவிடலாமா?

பதில் 1:
இரண்டும் ஒரே வயது என்றால் விடாதீர்கள். உள்ளே உப்புவது வெளியே தெரியாது என்று இப்போதுதான் பார்த்தீர்கள். அதையும் மாற்றிவிட்டு, முதலில் மெதுவாக ஓட்டி நிறுத்திப் பாருங்கள், அப்புறம் பாரம் ஏற்றுங்கள்.