தூர்தர்ஷனைத் தனியாருக்கு விற்கலாமா? வடசென்னை நண்பர்களின் விவாதம்

பெரம்பூர்க்காரன்:
தூர்தர்ஷனைத் தனியாருக்கு விற்றுவிட வேண்டும் என்ற என் கருத்தைக் காரணங்களோடு இங்கே முன்வைக்கிறேன். சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியபோது தமிழில் தொலைக்காட்சி என்றால் அது ஒன்றுதான்; அன்று அரசு நடத்தியதில் நியாயம் இருந்தது. இன்று செய்திக்கென்றே தமிழில் எத்தனையோ சேனல்கள் வந்துவிட்டன. இருந்தும் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியின் கட்டமைப்பை மேம்படுத்த 2,539 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2023 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அங்கே சம்பளமும் பெரும்பாலும் அரசுப் பணத்தில்தான் நடக்கிறது. 1990இல் இயற்றப்பட்டு 1997இல் நடைமுறைக்கு வந்த பிரசார் பாரதி சட்டம் தன்னாட்சி பற்றிப் பேசுகிறது. ஆனால் 2024 ஏப்ரலில், மக்களவைத் தேர்தல் பிரச்சாரம் சூடுபிடித்திருந்த வேளையில், தூர்தர்ஷனின் செய்திச் சேனலான டிடி நியூஸின் இலச்சினை காவி நிறத்துக்கு மாறியது. எந்தக் கட்சி ஆண்டாலும் அந்தக் கட்சியின் குரலாகவே ஒலிக்கும் நிறுவனத்துக்கு என் வரிப்பணம் ஏன் போக வேண்டும்? ஏர் இந்தியா 2022 ஜனவரியில் டாடா குழுமத்தின் கைக்குப் போனது. அதனால் விமானங்கள் நின்றுவிடவில்லையே.

காசிமேடு கடலோரன்:
நண்பரே, ஆளுங்கட்சியின் குரல் என்ற உங்கள் குற்றச்சாட்டை நான் மறுக்கப் போவதில்லை. விற்ற பிறகு அது யாருடைய குரலாகும் என்பதுதான் என் கேள்வி. தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு விடை தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. கலைஞர் டிவி, ஜெயா டிவி, மக்கள் டிவி என்று கட்சிக்கொரு சேனல் பார்த்துப் பழகிய ஊர் இது. தூர்தர்ஷனின் தமிழ்ச் சேனலான டிடி தமிழை ஏலத்தில் எடுக்கும் அளவுக்குப் பணமும் ஆர்வமும் உள்ளவர் அரசியல் தொடர்பே இல்லாத ஒருவராக இருப்பார் என்று நம்ப எனக்கு எந்த ஆதாரமும் தெரியவில்லை. அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது, கிரிக்கெட் ஒளிபரப்பு பற்றிய வழக்கில். அந்தத் தீர்ப்பு அரசின் ஏகபோகத்தை ஏற்கவில்லை. அதற்குப் பதிலாகத் தனியார் ஏகபோகம் வரட்டும் என்றும் சொல்லவில்லை.

எங்கள் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பின் மொட்டை மாடிக்கு ஒருமுறை வந்து பாருங்கள். உப்புக்காற்றில் துருவேறிய டிஷ்களைத் தண்ணீர்த் தொட்டியின் தூணோடு கம்பி வைத்துக் கட்டியிருப்பார்கள். அவற்றில் சில தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ். 2004இல் தொடங்கிய இந்தச் சேவைக்கு ஒருமுறை டிஷ்ஷும் பாக்ஸும் வாங்கினால் போதும், மாதக் கட்டணம் கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் வீட்டில் முதலில் நிற்பது கேபிள் ரீசார்ஜ்தான். அந்த இரண்டு மாதங்களும் புயல் எச்சரிக்கையிலிருந்து பிள்ளைகளின் கிரிக்கெட் வரை ஃப்ரீ டிஷ்ஷில்தான் பார்ப்பார்கள். கிரிக்கெட் அங்கே இலவசமாக வருவதும் தானாக நடப்பதில்லை. தேசிய முக்கியத்துவம் உள்ள போட்டிகளின் ஒளிபரப்பைப் பிரசார் பாரதியோடு பகிர்ந்தே ஆக வேண்டும் என்று 2007ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயப்படுத்துவதால்தான் அது வருகிறது. அந்தச் சட்டத்துக்கு அடிப்படையே பொது ஒளிபரப்பாளர் ஒருவர் இருப்பது. அவரை விற்றுவிட்டால் இந்த உரிமையை யாரிடம் கேட்பீர்கள்?

பெரம்பூர்க்காரன்:
காசிமேட்டு அண்ணனுக்கு மரியாதையோடு பதில் சொல்கிறேன். ஃப்ரீ டிஷ்ஷில் தமிழுக்கு என்ன இருக்கிறது? அதில் இடம் கேட்டு மின்-ஏலத்துக்கு வரும் தனியார் சேனல்களில் பெரும்பாலானவை இந்திச் சேனல்கள். விளம்பரதாரர்களின் பார்வையும் அந்தச் சந்தையில்தான். டிடி தமிழையும் விரல்விட்டு எண்ணக்கூடிய வேறு சிலவற்றையும் தவிர நம் மக்களுக்கு அதில் ஒன்றுமில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் கழிமுகம் முழுக்க எண்ணெய் படர்ந்தபோது, வலையும் படகும் கறுத்துப்போய் நின்ற மீனவர்களை நான் பார்த்தது தனியார் செய்திச் சேனல்களிலும் கைபேசிக் காணொளிகளிலும்தான். தூர்தர்ஷனைத் திறந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை, என் தெருவில் யாருக்கும் வந்திருக்காது. மக்கள் நெருக்கடி நேரத்தில் நாடாத சேனலைப் பொதுச் சேவை என்று எப்படி அழைப்பது?

திருவொற்றியூர் ஆசிரியை:
இருவரும் மத்திய அரசு, தனியார் என்ற இரண்டோடு நின்றுவிட்டீர்கள். சென்னை நிலையத்தை மாநில அரசிடம் ஒப்படைத்தால் என்ன? 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கிய அனுபவம் தமிழ்நாட்டுக்கு இருக்கிறது. கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது, ஆளுக்கொரு கைபேசி வாங்க வழியில்லாத வீடுகளுக்குப் பாடத்தைக் கொண்டு சேர்த்தது அது. என் வகுப்புப் பிள்ளைகள் சிலர் பக்கத்து வீட்டு வாசற்படியில் நோட்டோடு உட்கார்ந்து அதைப் பார்த்து எழுதினார்கள்.

காசிமேடு கடலோரன்:
அம்மா, உங்கள் யோசனை எனக்கும் பிடித்ததுதான், ஆனால் வழி அடைபட்டிருக்கிறது. மாநில அரசுகள் ஒளிபரப்பில் நேரடியாக ஈடுபடக் கூடாது, கல்வி ஒளிபரப்பாக இருந்தாலும் பிரசார் பாரதி வழியாகவே செய்ய வேண்டும் என்று மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2022 அக்டோபரில் அறிவுறுத்தியது. மாநிலத்தையும் அந்த ஒரே வாசல் வழியாகத்தான் வரச் சொல்கிறார்கள். அந்த வாசலையும் விற்றுவிட்டால் தமிழ்ப் பிள்ளைகளின் பாடத்துக்கு எங்கே இடம் கேட்பது?

பெரம்பூர் நண்பர் ஏர் இந்தியாவைச் சொன்னார், நான் தொலைக்காட்சியிலேயே உதாரணம் தருகிறேன். பிரான்சு தன் முதன்மை அரசுச் சேனலான டிஎஃப்1ஐ 1987இல் தனியாருக்குக் கொடுத்தது. கட்டுமானத் தொழிலில் பெரிய புள்ளியான புயிக் நிறுவனம், பண்பாட்டு நிகழ்ச்சிகளைச் சிறப்பாக வழங்குவோம் என்ற உறுதிமொழிகளோடு அதைப் பெற்றது. அந்த உறுதிமொழிகள் என்னவாயின என்று அங்கே இன்றுவரை விமர்சனம் ஓயவில்லை, சேனலும் பொதுமக்களிடம் திரும்பவில்லை. விளம்பர வருமானத்தில் இயங்கும் அரசுச் சேனலான சேனல் 4ஐ விற்கப்போவதாகப் பிரிட்டன் அரசு 2022இல் அறிவித்தது. எதிர்ப்பு வலுத்தது, அடுத்த ஜனவரியிலேயே அத்திட்டத்தைக் கைவிட்டது. விற்ற சேனலை மீட்க முடியாது என்பதால்தான் நான் இவ்வளவு பிடிவாதமாகப் பேசுகிறேன்.

எண்ணூர் பற்றிப் பெரம்பூர் நண்பர் எழுதியது என் மக்களின் துயரம். அந்தக் கோபத்தில் எனக்கும் பங்குண்டு, ஆனால் அது என்னை வேறு கோரிக்கைக்குக் கொண்டுசெல்கிறது. பிரசார் பாரதி வாரியத்துக்கு ஆட்களைப் பரிந்துரைக்கும் குழுவில் மாநிலங்களவைத் தலைவர், இந்தியப் பத்திரிகை மன்றத்தின் (பிரஸ் கவுன்சில்) தலைவர், குடியரசுத் தலைவர் நியமிக்கும் ஒருவர் என மூன்றே பேர்தான் இருக்கிறார்கள். எதிர்க்கட்சிக்கும் மாநிலங்களுக்கும் மொழிகளுக்கும் அதில் இடமில்லை. இதைத் திருத்த வேண்டும். மேற்பார்வைக்கு 22 நாடாளுமன்ற உறுப்பினர்கள் கொண்ட குழுவுக்கும் பிரசார் பாரதி சட்டம் வழி செய்கிறது. எண்ணூர் துயரத்தை எவ்வளவு காட்டினீர்கள் என்று நிலையத்தாரை அழைத்துக் கேட்க வேண்டிய இடம் அதுதான்.

பெரம்பூர்க்காரன்:
எழுதி வைத்த சட்டத்தை இத்தனை ஆண்டுகளாக எந்தக் கட்சியும் உண்மையாக நடத்தவில்லை, இனி நடத்தும் என்று எதை நம்பிச் சொல்கிறீர்கள்? ஆட்சிக்கு வரும் ஒவ்வொருவரும் எதிர்க்கட்சியாக இருந்தபோது தன்னாட்சி கேட்டவர்கள்தான். இருந்தாலும் நீங்கள் சொன்ன இரண்டு விஷயங்களை ஏற்று என் நிலையைக் குறுக்கிக்கொள்கிறேன். ஃப்ரீ டிஷ்ஷையும் விளையாட்டு ஒளிபரப்பு உரிமையையும் அரசே வைத்துக்கொள்ளட்டும், சேனல்களை மட்டும் விற்கட்டும்.

திருவொற்றியூர் ஆசிரியை:
அப்படியானால் சென்னை நிலையம் ஐம்பது ஆண்டுகளாகப் பதிவுசெய்த கச்சேரிகளும் தெருக்கூத்தும் நேர்காணல்களும் யாருக்குச் சொந்தம்? மக்கள் பணத்தில் எடுத்த அந்த ஒளிநாடாக்களை வாங்கியவர் பூட்டி வைக்கலாம், நிமிடத்துக்கு இவ்வளவு என்று விலை வைக்கலாம். என்னைப் பொறுத்தவரை விற்பனைப் பேச்சு அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும்.

காசிமேடு கடலோரன்:
ஃப்ரீ டிஷ், விளையாட்டு, பழைய பதிவுகள் மூன்றையும் ஒதுக்கிவிட்டால், வாங்குபவருக்கு மிஞ்சுவது சுவாமி சிவானந்தா சாலையில் உள்ள நிலம். சேப்பாக்கத்தில் அந்த இடத்தின் மதிப்பு என்னவென்று இங்கே எல்லாருக்கும் தெரியும். சேனல் நலிந்தாலும் அவருக்கு நட்டமில்லை என்ற நிலையில் தமிழ் நிகழ்ச்சிகளில் அவர் ஏன் பணம் போடுவார்?

பெரம்பூர்க்காரன்:
நிலத்தையும் விலக்கிவிடலாம். நிகழ்ச்சித் தயாரிப்பை மட்டும் வெளிப்படையான ஒப்பந்தத்தில் சிறு தயாரிப்பாளர்களுக்குத் தரட்டும். வியாசர்பாடியில் கானா பாடும் இளைஞர்களும் கால்பந்து ஆடும் பிள்ளைகளும் திரைக்கு வரட்டும். இதற்காவது சம்மதமா?

காசிமேடு கடலோரன்:
செய்திப் பிரிவை அதில் சேர்க்காமல், ஒப்பந்தம் யாருக்கு, எவ்வளவுக்கு என்ற விவரத்தையும் பொதுவில் வெளியிட்டால் முழுச் சம்மதம். ஆனால் இதைத் தனியார்மயம் என்று அழைக்காதீர்கள். உரிமையாளர் மாறாதவரை, தவறு நடந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டுக் கேட்கும் வழி எனக்கும் உங்களுக்கும் இருக்கிறது.